உங்களுக்குத் தெரியுமா? கழுத்துக்குள் ஓடும் பீலி

ஹந்தானைப் பக்கத்துத் தோட்டங்களில் பாரிசவாதம் என்று சொல்பவர்களை விட "கை கால் இழுத்துக்கிருச்சு" என்று சொல்பவர்களே அதிகம். இழுத்த கை மருந்தால் திரும்பி வந்து, கோணிய வாய் நேராகிவிட்டால், வீட்டில் பொங்கல் வைக்காத குறைதான். அதற்குப் பிறகு கிளினிக் கொப்பியில் ஒரு திகதி எழுதி வரும்: கழுத்து டொப்ளர் ஸ்கேன். "அதான் நல்லாயிருச்சே, இனி எதுக்கு ஸ்கேன்?"

அந்தத் தோட்டங்களின் உயரத்திலிருந்து கண்டி தேசிய வைத்தியசாலைக்கு இறங்கி வருவதென்றால், ஒரு நாள் சம்பளம் போகும். கூட வருபவருக்கும் போகும். அந்த நாளுக்கு என்ன பெறுமதி என்று யாராவது விளக்கிச் சொன்னால்தானே ஆள் இறங்கி வருவார்? அதனால் இந்த வாரப் பக்கம் முழுவதும் அந்த ஸ்கேனுக்கே.

அடைப்பு தலையில், ஊற்று கழுத்தில்

மூளையின் எடை நம் உடல் எடையில் நூற்றுக்கு 2 பங்கு அளவுதான். ஆனால் உடம்பு பயன்படுத்தும் ஒட்சிசனில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. அதற்கு இரத்தம் கொண்டுபோவது நாலே நாலு குழாய்கள்: கழுத்தின் முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் முள்ளந்தண்டு எலும்புகளின் துளை வழியே ஏறும் இரண்டு. முன்பக்கக் குழாய் குரல்வளை மட்டத்தில் கவடு போல இரண்டாகப் பிரியும். ஒன்று முகத்துக்கு, மற்றது மூளைக்கு.

ஓடை பிரியும் இடத்தில் மணல் ஒதுங்குமே, அதுபோல அந்தக் கவட்டில்தான் கொழுப்பும் சுண்ணாம்பும் படியும். படிந்ததில் ஒரு துணுக்கு பிய்ந்து மேலே போய் மூளைக்குள் ஒரு கிளையை அடைத்தால் பாரிசவாதம். எல்லாப் பாரிசவாதமும் இப்படி வருவதில்லை. இதயத்தில் உறைந்த கட்டி வந்து அடைப்பதும் உண்டு, மூளைக்குள்ளேயே சிறு குழாய் சிதைவதும் உண்டு, குழாய் வெடித்து இரத்தம் கசிவதும் உண்டு. ஆனால் முதல் தடவை கழுத்திலிருந்து வந்திருந்தால், இரண்டாம் தடவையும் அதே இடத்திலிருந்து வரலாம். கை கால் தேறிவிட்டது என்பதற்காகக் கழுத்தில் படிந்தது கரைந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

பெயரிலேயே மயக்கம்

அந்த முன்பக்கக் குழாய்க்கு மருத்துவத்தில் கரோட்டிட் நாடி என்று பெயர். மயக்கம் என்று பொருள்படும் பழைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதை அழுத்தினால் ஆள் மயங்குவான் என்று அக்காலத்தவர் கண்டிருந்தார்கள். ஆகவே இரண்டு பக்கமும் சேர்த்து யாரும் அழுத்திப் பார்க்க வேண்டாம். "கழுத்து நரம்பு ஸ்கேன்" என்று பேச்சில் சொல்கிறோம். பார்ப்பது நரம்பை அல்ல, இந்த இரத்தக் குழாயை.

ரயில் ஊதலும் இரத்தமும்

பேராதனைச் சந்தியில் நிற்கும்போது, ஊதிக்கொண்டு வரும் ரயிலின் சத்தம் கிட்ட வரும்வரை கூர்மையாகவும், நம்மைக் கடந்ததும் சட்டென்று தணிந்தும் கேட்கும். ஊதல் மாறவில்லை, ரயிலின் அசைவுதான் காதில் அப்படி விழுகிறது. இதற்குக் கணக்கு எழுதியவர் ஒஸ்திரிய விஞ்ஞானி கிறிஸ்டியன் டொப்ளர், 1842இல். அவர் நினைத்ததோ ரயிலையும் அல்ல, இரத்தத்தையும் அல்ல, நட்சத்திரங்களின் நிறத்தை. மூன்று வருடம் கழித்து நெதர்லாந்தில் பைஸ் பாலட் என்பவர் ஓடும் ரயிலில் எக்காளம் ஊதுபவர்களை ஏற்றி, பாதையோரத்தில் சுரம் தெரிந்தவர்களை நிறுத்தி, அந்தக் கணக்கைக் காதாலேயே சோதித்துப் பார்த்தார்.

1950களில் ஜப்பானில் ஷிகேயோ சதோமுரா இதே விதியை உடம்புக்குள் கொண்டுபோனார். ஸ்கேன் கருவி நம் காதுக்கு எட்டாத ஒலியை உள்ளே அனுப்பும். ஓடும் சிவப்பணுக்களில் பட்டு அது திரும்பி வரும். திரும்பி வந்த ஒலி எவ்வளவு மாறியிருக்கிறது என்பதிலிருந்து இரத்தம் எந்தத் திசையில், எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று கருவி கணக்குப் போடும். கத்தி இல்லை, ஊசி இல்லை, எக்ஸ்ரே கதிரும் இல்லை.

நடக்கிற இரத்தம், ஓடுகிற இரத்தம்

இதைத்தான் இந்தப் பக்கத்தில் எல்லோரும் ஞாபகம் வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

லயத்துப் பீலியில் தண்ணீர் விழுவதைப் பாருங்கள். வாயைக் கையால் பாதி மூடினால் தண்ணீர் குறையாமல் சீறிக்கொண்டு தூரப் போய் விழும். வழி குறுகினால் வேகம் கூடும். கழுத்துக் குழாயிலும் அதே கதைதான். ஸ்கேன் செய்பவர் அடைப்பைக் கண்ணால் பார்ப்பதோடு நிற்பதில்லை. வேகத்தை அளந்து எவ்வளவு அடைப்பு என்று சொல்கிறார்.

உலகில் பல வைத்தியசாலைகள் பின்பற்றும் அளவுகள் 2003இல் அமெரிக்க நிபுணர் குழு ஒன்று வெளியிட்டவை. மூளைக்குப் போகும் கிளையில் இதயத் துடிப்பின் உச்சத்தில் இரத்தத்தின் வேகம் செக்கனுக்கு 125 சென்ரிமீற்றருக்குக் குறைவு, படிவும் பெரிதாகத் தெரியவில்லை என்றால், அடைப்பு நூற்றுக்கு 50 பங்குக்குக் கீழே. 230ஐத் தாண்டினால் 70 பங்கும் அதற்கு மேலும். இந்த இலக்கங்களை நம் நடைக்கு மாற்றிப் பாருங்கள்: 125 என்பது மணிக்கு நாலரை கிலோமீற்றர், ஒரு ஆள் சாதாரணமாக நடக்கும் வேகம். 230 என்பது மணிக்கு எட்டு கிலோமீற்றருக்கும் மேல், அது ஓட்டம். கழுத்தில் இரத்தம் நடந்துகொண்டிருக்கும்வரை நல்லது. ஓடத் தொடங்கினால் எங்கோ வழி குறுகியிருக்கிறது.

இதில் ஒரு பொறியும் உண்டு. குழாய் முக்கால்வாசியையும் தாண்டி, மயிரிழை அளவுக்கு மூடிவிட்டால் வேகம் மறுபடி குறைந்துவிடும். பீலி வாயைச் சப்பென்று பொத்தினால் சொட்டுச் சொட்டாகத்தானே வடியும்! ஆகவே ரிப்போர்ட்டில் இலக்கம் குறைவாக இருப்பதைப் பார்த்துவிட்டு நாமே சந்தோஷப்படவும் கூடாது, கூடுதலாக இருப்பதைப் பார்த்துப் பயந்து நடுங்கவும் கூடாது. படத்தையும் இலக்கத்தையும் சேர்த்துப் பார்த்து டொக்டர் சொல்லட்டும்.

சிவப்பு கெட்டதா, நீலம் கெட்டதா?

இரண்டுமே இல்லை. திரையில் தெரியும் சிவப்பும் நீலமும் திசையை மட்டும் காட்டுகின்றன. இரத்தம் கருவியை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்பதற்காகக் கொடுத்த நிறங்கள். "நீலமா தெரிஞ்சுது, கெட்ட ரத்தம் போல" என்று வீட்டுக்குப் போய் கவலைப்பட வேண்டாம்.

அறைக்குள் என்ன நடக்கும்?

விளக்கைக் குறைத்த அறை. கட்டிலில் மல்லாந்து படுக்க வேண்டும். தோளுக்குக் கீழே சிலவேளை ஒரு துணி மடித்து வைப்பார்கள், கழுத்து நிமிர்ந்து நிற்பதற்காக. "தாடையக் கொஞ்சம் தூக்குங்க அம்மா, முகத்த அந்தப் பக்கம் திருப்புங்க." தாலியைக் கழற்றச் சொல்வார்களோ என்று பல அம்மாமார் கதவடியிலேயே தயங்குவார்கள். பொதுவாக ஒதுக்கிப் பிடித்தால் போதும். கழுத்தில் குளிர்ந்த கூழ் ஒன்றைத் தடவுவார்கள். தோலுக்கும் கருவிக்கும் நடுவில் காற்று இருந்தால் ஒலி உள்ளே போகாது, அதற்காகத்தான் அந்தக் கூழ். துடைத்தால் போய்விடும்.

பிறகு சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு கருவி, காறை எலும்பிலிருந்து தாடைவரை மெதுவாக நகரும். முதலில் திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு வாய்க்கால் தெரியும். சுவரில் படிந்தது வெள்ளைத் திட்டாகத் தெரியும். ஒரு பொத்தானைத் தட்டியதும் அறைக்குள் "ஷூ... ஷூ..." என்று ஒரு சத்தம் கிளம்பும், தகரக் கூரைமேல் காற்று மோதி மோதி அடங்குவது போல. அது உங்கள் சொந்த இரத்தத்தின் ஓட்டம். கூடவே திரையின் அடியில் முகடும் சரிவுமாகக் கோடுகள் ஓடும்; கண்டியிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் ஹந்தானை மலைத்தொடர் தெரிகிற மாதிரியே இருக்கும். ஒவ்வொரு முகடும் ஒரு இதயத் துடிப்பு. முகட்டின் உயரம்தான் மேலே சொன்ன அந்த வேகம்.

இரண்டு பக்கமும் பார்த்து முடிக்க அரை மணித்தியாலம் அளவில் ஆகலாம். நடுவில் பேச வேண்டாம், விழுங்க வேண்டாம் என்றால் அப்படியே இருங்கள். விழுங்கினால் படம் அசையும்.

கழுத்து ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு வரத் தேவையில்லை. வயிற்று ஸ்கேனையும் இதையும் ஒன்றென்று நினைத்து, விடியற்காலையில் ஒரு பிளேன்டீ கூடக் குடிக்காமல் மலையிலிருந்து இறங்கி வந்து, பகல்வரை வாங்கில் காய்கிறவர்களை நினைத்தால் மனம் கேட்கவில்லை. சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்களுக்கு அது ஆபத்தும் கூட. சாப்பிட்டுவிட்டு, பிரஷர் குளிசையையும் போட்டுக்கொண்டே வாருங்கள்.

முதல் ஸ்கேன்தான் அடிக்கோல்

கழுத்தில் அடைப்பு கூடினால் இரண்டு வழி உண்டு. ஒன்று, குழாயைத் திறந்து படிந்ததைச் சுரண்டி எடுக்கும் சத்திரசிகிச்சை. அமெரிக்காவில் மைக்கேல் டிபேக்கி 1953இலேயே அதைச் செய்தவர். லண்டன் டொக்டர்கள் அடைத்த துண்டையே வெட்டி எடுத்துச் செய்து 1954இல் வெளியிட்ட சத்திரசிகிச்சை உலகம் முழுவதும் பேசப்பட்டது. ஆனாலும் அதனால் உண்மையில் எவ்வளவு நன்மை என்று தெரிய 1991 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏற்கெனவே பாரிசவாத அறிகுறி வந்து, 70 பங்குக்கு மேல் அடைப்பும் உள்ளவர்களை வட அமெரிக்காவில் ஆராய்ந்தார்கள். மருந்து மட்டும் எடுத்தவர்களில் 100க்கு 26 பேருக்கு இரண்டு வருடத்துக்குள் அதே பக்கத்தில் பாரிசவாதம் வந்தது. சத்திரசிகிச்சையும் செய்தவர்களில் 9 பேருக்கு.

மற்ற வழி ஸ்டென்ட், அதாவது குழாய்க்குள் கம்பி வலை ஒன்றை விரித்து வைப்பது. இங்கேதான் பின்னால் எடுக்கும் ஸ்கேன் கவனமாக வாசிக்கப்பட வேண்டும். வலை வைத்த குழாய் முன்போல நெகிழாது, விறைத்து நிற்கும். அதனால் அடைப்பே இல்லாதபோதும் வேகம் கூடுதலாகக் காட்டும். சாதாரணக் குழாய்க்கு வைத்த 125, 230 என்ற அளவை ஸ்டென்ட் வைத்த குழாயில் அப்படியே போட்டால், நன்றாக இருப்பவருக்கும் "அடைப்பு" என்று வந்துவிடும். அதனால்தான் சிகிச்சை முடிந்து ஏறக்குறைய ஒரு மாதத்துக்குள் முதல் ஸ்கேன் எடுத்து, அந்த ஆளுக்கு அந்தக் குழாயில் இயல்பான வேகம் எது என்று குறித்து வைக்கிறார்கள். அடுத்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை, நிலைமை நிதானமானால் வருடத்துக்கு ஒருமுறை என்று பொதுவாகப் போகும். ஒவ்வொரு தடவையும் டொக்டர் தேடுவது ஒரே விடயத்தை: போன தடவையை விட வேகம் ஏறியிருக்கிறதா?

ஆகவே பழைய ரிப்போர்ட் இல்லாமல் புது ரிப்போர்ட்டுக்குப் பாதிப் பெறுமதிதான். கூரை ஒழுகும் வீட்டில் கடதாசியைக் காப்பாற்றுவது லேசான காரியமில்லை என்று தெரியும். ஒரு பொலித்தீன் பைக்குள் சுருட்டி, அடையாள அட்டையோடு சேர்த்து வையுங்கள். ஃபோனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

மறுபடி ஏன் குறுகும்?

முதல் இரண்டு வருடத்துக்குள் குறுகினால் அது பெரும்பாலும் தழும்பு. வெட்டுக்காயம் ஆறும்போது தோல் தடிக்கிறதே, குழாயின் உள்சுவரும் அப்படித் தடிக்கிறது. அதற்குப் பிந்திக் குறுகினால் பெரும்பாலும் பழைய கொழுப்புப் படிவே திரும்பி வந்தது. இரண்டும் வலிக்காது. பலருக்குக் கை விறைக்காது, தலையும் சுற்றாது. ஸ்கேன் காட்டினால்தான் தெரியும். சிகிச்சை செய்யாத மற்றப் பக்கத்தையும் அதே நேரத்தில் பார்ப்பார்கள், ஏனென்றால் படிவு ஒரு பக்கத்தோடு நிற்கும் பழக்கம் கொண்டதல்ல.

மண்டையோட்டில் ஒரு ஜன்னல்

எலும்பு வழியாக ஒலி லேசில் போகாது. அதனால் மண்டைக்குள் இருக்கும் குழாய்களை ஸ்கேனால் பார்க்க முடியாது என்றே நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 1982இல் நோர்வேக்காரரான ரூனே ஆஸ்லிட், நெற்றிப்பொட்டில் காதுக்கு முன்னால் எலும்பு மெலிந்திருக்கும் இடத்தில் குறைந்த அதிர்வெண் ஒலியை அனுப்பி மூளைக் குழாயின் ஓட்டத்தைக் கேட்டுக் காட்டினார். அந்த இடத்தை டொக்டர்மார் ஜன்னல் என்றே சொல்கிறார்கள். சிலருக்கு, முக்கியமாக வயதான பெண்களுக்கு, எலும்பு தடித்து அந்த ஜன்னல் மூடியிருக்கும். அப்படியானவர்களுக்கு வேறு பரிசோதனைதான்.

உறைகட்டியைக் கரைக்கும் ஊசி போட்ட பிறகு, குழாய் திறந்ததா என்று கட்டிலடியிலேயே நிமிடத்துக்கு நிமிடம் பார்க்க இது உதவும். சிறு கட்டி ஒன்று கடந்து போனால் கருவியில் குருவி கீச்சிட்டது போல ஒரு சத்தம் கேட்கும். ஒலியே கட்டியைக் கரைக்கவும் உதவுகிறது என்று 2004இல் ஒரு ஆய்வு நம்பிக்கை தந்தது. பின்னர் நடந்த பெரிய ஆய்வில் நோயாளிகள் அதனால் கூடுதலாகத் தேறியதாகத் தெரியவில்லை.

நம்மைப் போன்ற ஆசிய நாட்டவர்களுக்கு மண்டைக்குள் இருக்கும் குழாய்களே குறுகுவது வெள்ளையர்களை விட அதிகம். அதனால் கழுத்து ஸ்கேன் சுத்தமாக வந்தாலும் "இனி ஒன்றுமில்லை" என்று குளிசைகளை நிறுத்திவிடக் கூடாது. ஸ்டென்ட் வைத்தவர் இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த குளிசையைத் தன் பாட்டில் விட்டால், வலையிலேயே கட்டி உறைந்து அடைத்துவிடலாம்.

சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு

குழாய்களைப் பார்க்கும் சிடி ஸ்கேனுக்கு ஊசியால் சாயம் ஏற்ற வேண்டும். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்களுக்கு அந்தச் சாயம் யோசித்துக் கொடுக்க வேண்டிய ஒன்று. டொப்ளருக்குச் சாயமே இல்லை. எத்தனை தடவை என்றாலும் எடுக்கலாம் என்பது இதனால்தான்.

காலிலும் ஒருமுறை

பாரிசவாதம் வந்து படுத்த படுக்கையாக இருப்பவரின் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், அல்லது சூடாக இருந்தால், எண்ணெய் போட்டு உருவிவிடாதீர்கள். உள்ளே நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கலாம். உருவினால் அது கழன்று நுரையீரலுக்குப் போகலாம். அதைக் கண்டுபிடிப்பதும் இதே டொப்ளர் ஸ்கேன்தான். பாசத்தில் செய்யும் பிழை இது, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

எல்லோருக்கும் வேண்டுமா?

வேண்டாம். எந்த அறிகுறியும் இல்லாதவர்கள் சும்மா கழுத்து ஸ்கேன் எடுப்பதை அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு 2014இலும் 2021இலும் பரிந்துரைக்கவில்லை. நன்மையை விடத் தேவையில்லாத பயமும் தேவையில்லாத சத்திரசிகிச்சையுமே மிஞ்சும் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் காசுக்கு பிரஷரைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாரிசவாதத்துக்கு முதற் காரணம் அதுதான், தோட்டத்து டிஸ்பென்சரியிலேயே பார்க்கலாம். கருவாடும் உப்பும் குறையட்டும். புகையிலை வேண்டவே வேண்டாம்.

கண்ணில் இறங்கும் திரை

ஒரு கண்ணில் மட்டும் திரைச்சீலை இறங்கியது போல இருட்டி, சில நிமிடத்தில் தெளிந்துவிட்டால் "பித்தம்" என்று விடாதீர்கள். கழுத்துக் குழாயிலிருந்து துணுக்கு கிளம்பியதற்கு அது அடையாளமாக இருக்கலாம். அன்றே காட்ட வேண்டும்.

வாய் கோணினால், ஒரு கை தொங்கினால், பேச்சு குழறினால் அதற்குக் கணக்கே வேறு. பெரிய குழாய் அடைத்தால் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 19 இலட்சம் மூளைக் கலங்கள் சாகின்றன என்று 2006இல் கணக்கிட்டிருக்கிறார்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். அதில் மலையிலிருந்து இறங்கும் நேரமும் அடங்கும். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். 2016இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சேவை, இன்று நாடு முழுவதும் உண்டு. வைத்தியசாலை வாசலில் சிங்களத்தில் சொல்ல வேண்டி வந்தால் ஒரு சொல் போதும்: அங்ஷபாகய.

ஏற்கெனவே அந்த வாசலைக் கடந்து சுகமாகி வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்றைக்கே கிளினிக் கொப்பியை எடுத்து, ஸ்கேன் திகதி எப்போது என்று பிள்ளைகளிடம் வாசிக்கச் சொல்லுங்கள். கடந்து போயிருந்தால் வெட்கப்பட வேண்டாம், அடுத்த கிளினிக் நாளில் போய் கேட்டால் புதுத் திகதி தருவார்கள். வரும்போது பழைய ரிப்போர்ட்டைக் கொண்டுவாருங்கள். சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.